ஐவரின் உழைப்பை அளக்கும் கோல்: அமெரிக்கக் கால்பந்தின் தலைசிறந்த முன்வரிசைகள்

1973 டிசம்பர் 16 அன்று நியூயார்க்கின் ஷே ஸ்டேடியத்தில் பஃபலோ பில்ஸ் அணியின் ஓட்டக்காரர் ஓ. ஜே. சிம்ப்சன், ஒரே பருவத்தில் 2,000 கெஜங்களைக் கடந்து ஓடிய முதல் வீரரானார். 14 ஆட்டங்களில் 2,003 கெஜம். பின்னாளில் முற்றிலும் வேறு காரணங்களுக்காக உலகறிந்த அந்தப் பெயர், அன்று விளையாட்டுச் சாதனைக்காக மட்டுமே ஒலித்தது. ஆட்டம் முடிந்தபின் செய்தியாளர் சந்திப்புக்கு அவர் தனியே வரவில்லை. தமக்கு வழி திறந்துவிட்ட சகவீரர்களையும் உடன் அழைத்துவந்து, அவர்களை அறிமுகப்படுத்தினார்.

அந்தச் செயலைப் பெருந்தன்மை என்று பாராட்டுவது எளிது. ஆனால் அதற்குள் ஒரு கேள்வி இருக்கிறது. ஒரு பருவம் முழுவதும் எல்லோர் கண்முன்னும் விளையாடியவர்களுக்கு ஏன் அறிமுகம் தேவைப்பட்டது? அமெரிக்கத் தொழில்முறைக் கால்பந்தின் மிகச் சிறந்த 'அஃபென்சிவ் லைன்' எது என்று தரவரிசைப்படுத்த முனையும் எவரும் முதலில் இந்தக் கேள்விக்கு விடை காண வேண்டும்.

ஆட்டத்தை அறியாதவர்களுக்குச் சுருக்கமான விளக்கம் தேவை. பந்தை வைத்திருக்கும் அணியின் பதினொருவரில் ஐவர் முன்வரிசையில் நிற்பார்கள். நடுவில் பந்தைப் பின்னால் கொடுத்து ஆட்டத்தைத் தொடங்கிவைக்கும் சென்டர், அவருக்கு இருபுறமும் கார்டுகள், வெளிப்புறத்தில் டேக்கிள்கள். ஓட்டக்காரருக்கு இடைவெளி திறப்பதும், பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கை எதிரணியினரிடமிருந்து காப்பதும் அவர்களது வேலை. முன்னோக்கி எறியப்படும் பந்தைப் பிடிக்கும் உரிமை, பொதுவாக அவர்களுக்கு விதிப்படியே கிடையாது. ஓடிய கெஜங்கள் ஓட்டக்காரர் கணக்கில் சேரும். எறிந்த கெஜங்கள் குவார்ட்டர்பேக் கணக்கில் சேரும். இந்த ஐவருக்கென்று ஒரு கணக்கும் இல்லை.

தமிழ் இலக்கணம் பயின்றவர்களுக்கு இது புதிய நிலைமையாகத் தோன்றாது. இடைச்சொல் தனித்து நின்று பொருள் தருவதில்லை. பெயரையும் வினையையும் சார்ந்தே இயங்குகிறது. ஆனாலும் அதை நீக்கினால் தொடர் சிதறிவிடும். தொல்காப்பியம் அதற்கு இடையியல் என்று தனி இயலே வகுத்தது. கால்பந்தின் புள்ளிவிவர ஏடுகள் தம் இடைச்சொற்களுக்கு அப்படி ஓர் இயலை நெடுங்காலம் வகுக்கவில்லை.

கணக்கு இல்லாத இடத்தில் தரவரிசை எப்படி உருவாகிறது? வழக்கமாக மூன்று அளவுகோல்கள் கையாளப்படுகின்றன. மூன்றும் பழுதுடையவை.

முதலாவது, அணி ஓடிய மொத்த கெஜங்கள். 1973இன் பஃபலோ 3,088 கெஜம் ஓடி, 3,000ஐக் கடந்த முதல் அணியானது. ஆனால் அந்த எண்ணில் சிம்ப்சனின் கால்கள் எவ்வளவு, முன்வரிசையின் தோள்கள் எவ்வளவு என்று பிரிக்க வழியில்லை. அந்த வரிசையின் புகழ்பெற்ற பட்டப்பெயரான 'எலக்ட்ரிக் கம்பெனி'கூட அவரைச் சார்ந்தே பிறந்தது. சிம்ப்சனின் பட்டப்பெயர் 'ஜூஸ்'. அச்சொல் அமெரிக்கப் பேச்சுவழக்கில் மின்சாரத்தையும் குறிக்கும். மின்சாரத்தைப் பாய்ச்சுபவர்கள் என்பதால் இவர்கள் மின் நிறுவனம். உழைப்பவர்களின் பெயரிலும் பயனடைந்தவரின் பெயரே வேராக இருக்கிறது.

இரண்டாவது, 'சாக்' எண்ணிக்கை. அதாவது குவார்ட்டர்பேக் பந்தை எறியும் முன்பே எத்தனை முறை வீழ்த்தப்பட்டார் என்பது. வீரர்வாரியாக இது 1982 முதல்தான் அதிகாரபூர்வப் புள்ளிவிவரம் ஆயிற்று. அதற்கு முந்திய தலைமுறைகளை இக்கோலால் அளப்பது கடினம். பிந்தியவற்றிலும் சிக்கல் உண்டு. 1988இல் மயாமி டால்ஃபின்ஸ் பருவம் முழுவதும் ஏழே ஏழு சாக்குகளை மட்டுமே விட்டுக்கொடுத்தது. ஆனால் பந்தை எறிந்தவர் டேன் மரினோ. கண்ணிமைக்கும் நேரத்தில் பந்தைக் கையைவிட்டு அனுப்புவதில் அவருக்கு நிகர் அரிது. அந்த அணி அப்பருவத்தில் ஆறு ஆட்டங்களில் வென்று பத்தில் தோற்றது. அந்த ஏழு என்ற எண் முன்வரிசையின் வலிமையைக் காட்டுகிறதா, மரினோவின் மணிக்கட்டைக் காட்டுகிறதா என்பதற்கு எண்ணிடமே விடையில்லை.

மூன்றாவது, ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பெற்றவர்களின் எண்ணிக்கை. இது ஐவராகச் செய்த வேலையைத் தனியாளின் விருதால் அளக்கும் முறை. கிரீன் பே பேக்கர்ஸின் கார்டு ஜெர்ரி கிரேமர் 1968 பருவத்தோடு ஓய்வுபெற்றார். லீக்கின் ஐம்பதாண்டுச் சிறந்த அணியில் அவர் பெயர் இருந்தது. ஆயினும் ஹால் ஆஃப் ஃபேமில் அவர் சேர்க்கப்பட்டது 2018இல்தான். ஏறத்தாழ அரை நூற்றாண்டு அவர் காத்திருந்த காலம் முழுவதும், இந்த அளவுகோலின்படி கிரீன் பே வரிசை ஒரு மதிப்பெண் குறைவாகவே பெற்றிருக்கும்.

அண்மைக்காலமாக, ஒவ்வொரு ஆட்டத்தின் காணொளியையும் நிறுத்தி நிறுத்திப் பார்த்து முன்வரிசை வீரர்களுக்கு மதிப்பெண் இடும் நிறுவனங்கள் வந்துள்ளன. இது முன்னேற்றமே. ஆனால் ஒருவர் தம் இடத்தைவிட்டு ஏன் நகர்ந்தார் என்பது அந்த ஆட்டத்துக்கென வகுக்கப்பட்ட திட்டத்தைப் பொறுத்தது. அத்திட்டம் களத்தில் நின்றவர்களுக்கே முழுமையாகத் தெரியும். வெளியிலிருந்து பார்ப்பவர் பிழை என்று குறிப்பது, உள்ளே நின்றவருக்கு இட்ட பணியாக இருக்கலாம்.

மொழியியலில் ஓர் எளிய சோதனை உண்டு. ஓர் உறுப்பின் செயற்பாட்டை அறிய, அதன் சூழலில் உள்ளவற்றை மாற்றிப் பார்ப்பது. ஒன்றை எடுத்து வேறொன்றை இட்டபின் எது நிலைக்கிறது, எது குலைகிறது என்று கவனிப்பது. இந்தப் பதிலீட்டுச் சோதனையே முன்வரிசைகளுக்கும் பொருந்தும் அளவுகோல். குவார்ட்டர்பேக்கை மாற்றுங்கள், ஓட்டக்காரரை மாற்றுங்கள். அதன்பிறகும் அணி முன்போலவே முன்னேறினால், அங்கே நிலைத்து நின்றது முன்வரிசைதான் என்று கொள்ளப் போதிய காரணம் கிடைக்கிறது. வரலாறு இத்தகைய மாற்றங்களைக் காயங்களாலும் இடமாற்றங்களாலும் தானாகவே செய்து வைத்திருக்கிறது. அவற்றைப் படித்தால் பின்வரும் வரிசை கிடைக்கிறது.

முதலிடம்: வாஷிங்டன், 1982 முதல் 1991 வரை. வரிசைப் பயிற்சியாளர் ஜோ பூகெல் 1982 பயிற்சி முகாமில் இவர்களை 'ஹாக்ஸ்', அதாவது பன்றிகள், என்று அழைத்தார். வசையாகக் கேட்கக்கூடிய அச்சொல்லை வீரர்கள் விருதாக ஏற்றுக்கொண்டார்கள். ரசிகர்கள் பன்றிமூக்கு அணிந்து அரங்குக்கு வந்தார்கள். யாருடைய பெயரிலிருந்தும் பிறக்காத, முன்வரிசைக்கே உரிய பெயர் அது. ஜோ ஜேக்கபி, ரஸ் கிரிம், ஜெஃப் பாஸ்டிக், மார்க் மே, ஜார்ஜ் ஸ்டார்க் ஆகியோர் அதன் தொடக்கக்கால முகங்கள். ஜேக்கபியையும் பாஸ்டிக்கையும் வீரர் தேர்வில் எந்த அணியும் எடுக்கவில்லை.

ஜோ கிப்ஸின் தலைமையில் இந்த அணி மூன்று சூப்பர் பவுல்களை வென்றது. 1982 பருவத்தில் குவார்ட்டர்பேக் ஜோ தைஸ்மன். 1987இல் டக் வில்லியம்ஸ். 1991இல் மார்க் ரிப்பியன். மூன்று வெற்றிகள், மூன்று குவார்ட்டர்பேக்குகள். ஓட்டக்காரர்களும் அவ்வாறே மாறினார்கள். முதல் இறுதியாட்டத்தில் ஜான் ரிகின்ஸ் 166 கெஜம் ஓடினார். இரண்டாவதில் ஓடியவர் டிம்மி ஸ்மித் என்னும் புதுமுகம். அப்பருவத்தின் வழக்கமான ஆட்டங்கள் அனைத்திலும் சேர்த்து 126 கெஜம் மட்டுமே ஓடியிருந்த அவர், தம் முதல் தொடக்க ஆட்டமாக அமைந்த சூப்பர் பவுலில் 204 கெஜம் ஓடிச் சாதனை படைத்தார். அதன்பின் அவரது ஆட்ட வாழ்வு நெடிது நீளவில்லை. அந்த ஒரு மாலையின் 204 கெஜங்களுக்கு விளக்கம் தேடுவோர், அவருக்கு முன்னால் நின்றவர்களைத்தான் பார்க்க வேண்டியிருக்கும். 1991இல் இந்த வரிசை வழக்கமான பருவம் முழுவதும் ஒன்பது சாக்குகளை மட்டுமே விட்டுக்கொடுத்தது. அதற்குள் பூகெல் வேறு அணிக்குச் சென்றுவிட்டார். வரிசையிலும் புதியவர்கள் வந்திருந்தார்கள். ஜேக்கபியும் பாஸ்டிக்கும் இன்னும் நின்றார்கள்.

இரண்டாமிடம்: வின்ஸ் லம்பார்டியின் கிரீன் பே, 1961 முதல் 1967 வரை. ஏழு ஆண்டுகளில் ஐந்து பட்டங்கள். ஃபாரஸ்ட் கிரெக், கிரேமர், ஃபஸ்ஸி தர்ஸ்டன், பாப் ஸ்கரான்ஸ்கி, தொடக்கத்தில் சென்டராக ஜிம் ரிங்கோ. லம்பார்டியே கல்லூரி நாளில் கார்டாக விளையாடியவர். இரு கார்டுகளும் தம் இடத்தைவிட்டுப் பக்கவாட்டில் ஓடி, பின்வரும் ஓட்டக்காரருக்குப் பாதை அமைக்கும் 'பவர் ஸ்வீப்' அவரது அணியின் அடையாளமாயிற்று. அந்தப் பாதையில் ஓடிப் புகழ்பெற்ற பால் ஹார்னங்கும் ஜிம் டெய்லரும் 1967 தொடங்கும் முன்பே அணியைவிட்டு நீங்கினர். அணி அப்பருவத்திலும் பட்டம் வென்றது. டிசம்பர் 31 அன்று உறைகுளிரில் டாலஸுக்கு எதிராக நடந்த, 'ஐஸ் பவுல்' என்று அறியப்படும் ஆட்டத்தின் இறுதித் தொடர்முன்னேற்றத்தில் முக்கியமான கெஜங்களை ஓடியவர் சக் மெர்சீன். பருவத்தின் நடுவே வேறோர் அணி கைவிட்டவர். 16 விநாடிகள் எஞ்சியிருக்க, கிரேமரும் சென்டர் கென் போமனும் ஜெத்ரோ பியூவைப் பின்தள்ளிய இடைவெளியில் பார்ட் ஸ்டார் நுழைந்தார். 21-17. அந்தத் தடுப்பைத் தொலைக்காட்சி மீண்டும் மீண்டும் காட்டியது. கிரேமர் அடுத்த ஆண்டு வெளியிட்ட நாட்குறிப்பு நூலின் தலைப்பு 'இன்ஸ்டன்ட் ரீப்ளே'. முன்வரிசை வீரர் ஒருவரின் உழைப்பைக் கண்ணுக்குத் தெரியவைத்த கருவியின் பெயரே நூலின் பெயராயிற்று. குவார்ட்டர்பேக் மட்டும் மாறவில்லை என்பதால் இவ்வரிசைக்கு இரண்டாமிடம்.

மூன்றாமிடம்: மயாமி, 1972-73. தோல்வியே காணாமல் 17 ஆட்டங்களையும் வென்ற 1972 அணியில், ஐந்தாம் ஆட்டத்தில் குவார்ட்டர்பேக் பாப் க்ரீசியின் கால் முறிந்தது. 38 வயதான ஏர்ல் மோரல் அவரிடத்தில் வந்தார், வெற்றிகள் தடைபடவில்லை. லாரி லிட்டில், ஜிம் லேங்கர், பாப் கூச்சன்பெர்க், நார்ம் எவன்ஸ், வேய்ன் மூர் ஆகிய ஐவரில் லிட்டிலும் லேங்கரும் வீரர் தேர்வில் எடுக்கப்படாதவர்கள். கூச்சன்பெர்க்கை முதலில் எடுத்த அணி கைவிட்டிருந்தது. அடுத்த ஆண்டின் சூப்பர் பவுலில் க்ரீசி மொத்தம் ஏழு முறைதான் பந்தை எறிந்தார், தேவைப்படவில்லை. லாரி சோங்கா 145 கெஜம் ஓடினார். 1972இல் சோங்காவோடு மெர்குரி மோரிஸும் ஆயிரத்தை எட்ட, ஒரே அணியில் இருவர் ஆயிரம் கெஜம் ஓடியது வரலாற்றில் முதன்முறை ஆயிற்று. மோரிஸின் கணக்கு முதலில் 991ஆகவே பதிவாகியிருந்தது; ஒரு பதிவை மறுபரிசீலனை செய்தபின் சரியாக 1,000 ஆயிற்று. ஓட்டக்காரரின் ஒன்பது கெஜங்களுக்காக ஏடு மீண்டும் திறக்கப்பட்டது. முன்வரிசைக்காகத் திறக்க ஏடே இல்லை.

நான்காமிடம்: ஓக்லண்ட், 1976 முதல் 1980 வரை. ஆர்ட் ஷெல், ஜீன் அப்ஷா, டேவ் டால்பி ஆகியோர் கென் ஸ்டேப்லருக்கு முன்னால் நின்று ஒரு சூப்பர் பவுலையும், ஜிம் பிளங்கெட்டுக்கு முன்னால் நின்று இன்னொன்றையும் வென்றார்கள். 1977 ஜனவரியில் மினசோட்டாவுக்கு எதிரான இறுதியாட்டத்தில் அணி 266 கெஜம் ஓடியது. அன்று ஷெல்லுக்கு எதிரே நின்றவர் ஜிம் மார்ஷல். மார்ஷலின் பெயருக்கு நேரே அன்று ஒரு டேக்கிளும் பதிவாகவில்லை. முன்வரிசை வீரர் ஒருவரின் வாழ்நாள் சிறப்பான நாள், ஏட்டில் இன்னொருவருக்கு நேரே உள்ள பூச்சியமாக மட்டுமே எழுதப்பட்டிருக்கிறது.

ஐந்தாமிடம்: டென்வர், 1997 முதல் 2000 வரை. அலெக்ஸ் கிப்ஸ் பயிற்றுவித்த இவ்வரிசை, தன் காலத்தின் மற்றவற்றைவிட எடை குறைந்தது. தனி ஆளைத் தள்ளுவதற்குப் பதிலாக ஒவ்வொருவரும் ஒரு பரப்பைப் பொறுப்பேற்று, ஐவரும் ஒரே திசையில் சேர்ந்து நகரும் முறை அவர்களுடையது. டெரல் டேவிஸ் 1998இல் 2,008 கெஜம் ஓடினார். 1999இல் அவர் காயமுற, ஒலாண்டிஸ் கேரி 1,159 கெஜம் ஓடினார். 2000இல் மைக் ஆண்டர்சன் 1,487. பதிலீட்டுச் சோதனையை இவ்வளவு துலக்கமாக நிறைவேற்றிய வரிசை வேறில்லை. ஆயினும் முழங்காலுக்குக் கீழே பாய்ந்து எதிராளியை வீழ்த்தும் உத்தியை மிகுதியாகப் பயன்படுத்தியதாக எதிரணியினர் இவர்கள்மீது வைத்த குறை அற்பமானதன்று. பிறர் முழங்காலின் விலையில் கிடைத்த திறமைக்கு ஐந்தாமிடமே போதும். 1991இல் வாஷிங்டன் வரிசையில் நின்ற மார்க் ஷ்லெரெத் இங்கும் கார்டாக நின்றார் என்பது தற்செயலாக இருக்கலாம். கைமாறிய கலையாகவும் இருக்கலாம்.

பட்டியலுக்கு வெளியே நிற்பவற்றுள் ஒன்றைச் சொல்லாமல் விட இயலாது. ஜான் ஹேனாவும் லியான் கிரேயும் நின்ற 1978இன் நியூ இங்கிலாந்து வரிசை 3,165 கெஜங்களுக்கு வழி திறந்தது. 2019இல் பால்டிமோர் 3,296 ஓடும்வரை அதுவே சாதனை. அந்த அணியில் ஆயிரம் கெஜம் ஓடிய ஒருவர்கூட இல்லை. நால்வர் தனித்தனியே 500ஐக் கடந்தனர். அவர்களுள் ஒருவர் குவார்ட்டர்பேக். நட்சத்திரம் இல்லாத வானில்தான் வானமே தெரிகிறது. ஆனால் அது ஒரே பருவத்தின் சான்று; அப்பருவத்தில் பட்டத்துக்கான சுற்றின் முதல் ஆட்டத்திலேயே அணி தோற்றது. 1990களின் டாலஸ் பெருமதில் மூன்று பட்டங்களைத் தந்தது உண்மை. ஆனால் டிராய் ஐக்மனும் எம்மிட் ஸ்மித்தும் அந்த ஆண்டுகளில் பெரும்பாலும் உடனிருந்ததால் அங்கே முழுமையான சோதனை நிகழவே இல்லை. நிகழாத சோதனையில் தேர்ச்சி வழங்க முடியாது. தோல்வி என்றும் சொல்ல முடியாது.

இந்த அளவுகோலுக்கு எதிராக இரண்டு மறுப்புகள் எழக்கூடும். ஒன்று, காலங்களை ஒப்பிடுவது பற்றியது. 1960களில் சுமார் 110 கிலோ எடையுடன் விளையாடியவர்கள் இன்றைய 140 கிலோ வீரர்கள் முன் நிற்க முடியுமா? 1978க்கு முன் குவார்ட்டர்பேக்கைக் காக்கும்போது கைகளை நீட்டித் தடுக்கவே அனுமதி இல்லை. அவ்வாண்டின் விதிமாற்றத்துக்குப் பிந்தியவர்களுடன் அவர்களை எப்படி ஒப்பிடுவது? பதிலீட்டுச் சோதனை இந்தச் சிக்கலைத் தவிர்க்கிறது. அது 1967இன் கிரீன் பேயை 1991இன் வாஷிங்டனோடு மோதவிடவில்லை. ஒவ்வோர் அணியையும் அதன் சொந்தக் காலத்திலேயே, அதன் சொந்த மாற்றங்களுக்கு முன்னும் பின்னும் வைத்துப் பார்க்கிறது.

இரண்டாவது மறுப்பு வலுவானது. வீரர்கள் மாறியும் அணி நிலைத்தது என்றால், அப்பெருமை பயிற்சியாளரின் திட்டத்துக்கு உரியதாக ஏன் இருக்கக்கூடாது? கிப்ஸும் லம்பார்டியும் இல்லாமல் இவ்வரிசைகள் இல்லை என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் திட்டம் தாளில் இருப்பது. ஐவர் ஒரே கணத்தில், ஒருவரை ஒருவர் திரும்பிப் பாராமல், பக்கத்திலிருப்பவர் எங்கே நகர்வார் என்று அறிந்து நகர்வது பல ஆண்டுப் பழக்கத்தில் விளைவது. இந்தச் சோதனையால் அந்த இரண்டையும் முற்றாகப் பிரிக்க இயலாது என்பதை ஒப்புக்கொள்வதே நேர்மை.

இவ்வளவு கவலை ஒரு விளையாட்டுப் பட்டியலுக்குத் தேவையா என்று கேட்கலாம். மைக் வெப்ஸ்டரின் வாழ்க்கை அதற்கு விடை. 1970களில் நான்கு சூப்பர் பவுல்களை வென்ற பிட்ஸ்பர்க் அணியின் சென்டர் அவர். 17 பருவங்கள் விளையாடினார். 1997இல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்க்கப்பட்டார். 2002இல், 50ஆம் வயதில் இறந்தார். அவரது மூளையை ஆராய்ந்த மருத்துவர் பென்னட் ஒமாலு, திரும்பத் திரும்ப ஏற்படும் தலை அதிர்ச்சிகளோடு தொடர்புடைய சி.டி.இ. என்னும் சிதைவு நோயை அதில் கண்டறிந்தார். அமெரிக்கக் கால்பந்து வீரர் ஒருவரிடம் அந்நோய் கண்டறியப்பட்டது அதுவே முதன்முறை. அரங்கமே எழுந்து பதறும் பெரிய மோதல்களைத்தான் எல்லோரும் எண்ணினார்கள். சென்டரின் தலை ஒவ்வோர் ஆட்டத்தொடக்கத்திலும் வாங்கிய சிறு மோதல்களை எண்ணியவர் எவருமில்லை. உழைப்புக்கு ஏடு இல்லாதபோது, அந்த உழைப்பு தந்த காயத்துக்கும் ஏடு இல்லாமற் போகிறது.

ஆய்வுலகத்துக்கும் இது அயலான செய்தி அன்று. களப்பணியில் தம் மொழியை மணிக்கணக்காகச் சொல்லித்தந்த முதியவர் ஆய்வேட்டில் 'தகவலாளி' என்ற ஒற்றைச் சொல்லாகச் சுருங்குகிறார். ஒலிப்பதிவை எழுத்தாக்கியவர் நன்றியுரையின் கடைசி வரியில் நிற்கிறார். சில நேரங்களில் அங்கும் இல்லை. யாரை மாற்றினாலும் பணி நடக்கும், யார் இல்லாவிட்டால் பணியே நின்றுவிடும் என்று ஒவ்வொரு ஆய்வுத்துறையும் தன்னிடம் ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம். 1973இன் அந்த டிசம்பர் மாலையில் ஓர் ஓட்டக்காரர் செய்தது போலப் பெயர்களைச் சொல்லி அறிமுகப்படுத்துவது, அந்த ஏட்டின் முதல் பக்கமாக அமையும்.